ஹார்ட் பம்பிங் கம்மின்னு சொன்னாங்களா? வீட்டுல இருந்தே ஆன்லைன் கவுன்சலிங் எடுக்கறது எப்படி

வீட்டுல யாரையாவது "ஹார்ட் வீக்கா இருக்கு, பம்பிங் 30 தான், உப்பைக் கொறைங்க, தண்ணி அளவா குடிங்க, மாத்திரையை விட்டுடாதீங்க"ன்னு சொல்லி டிஸ்சார்ஜ் பண்ணி அனுப்பியிருந்தா இது உங்களுக்குத்தான். ஹார்ட் சரியா பம்ப் பண்ணாத இந்த நிலையைத்தான் ஹார்ட் ஃபெயிலியர்ம்பாங்க. உப்பைக் கொறைக்கிறதுன்னா எவ்ளோ, தண்ணி அளவுன்னா எத்தன டம்ளர், கால் வீங்குனா இப்பவே ஓடணுமா இல்ல காலைல வரைக்கும் பாக்கலாமா, இதெல்லாம் வார்டை விட்டு வெளிய வந்தப்புறம்தான் தோணும், அப்போ கேக்க பக்கத்துல ஆள் இருக்காது. எங்க அப்பா அறந்தாங்கி பக்கம், அவரைப் பாக்கற ஹார்ட் டாக்டர் திருச்சி, நான் சென்னை. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் அவரை பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போக முடியாதுன்னுதான் ஆன்லைன் பக்கம் வந்தோம். ஓடிபி வாங்குறதுலயே பாதி உயிர் போச்சு, இப்போ ஓரளவு செட் ஆயிடுச்சு. நீங்க இவ்ளோ அல்லாட வேண்டாம்னு வரிசையா எழுதறேன்.

நான் டாக்டர் கிடையாது. கீழ வர்ற அளவெல்லாம் டாக்டருங்க பொதுவா சொல்றது. உங்க ஆளுக்கு என்ன அளவுன்னு அவரோட டாக்டர்கிட்ட இருந்து வாங்குறதுக்குத்தான் இந்தக் கவுன்சலிங்கே.

1. எது ஆன்லைனுக்கு, எது 108க்கு

உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, படுக்கவே முடியல, இருமுனா ரோஸ் கலர்ல நுரையா வருது, நெஞ்சு வலி விடாம இருக்கு, மயக்கம் போட்டு விழுந்துட்டார், உதடு நீலமாகுது, ஆள் திடீர்னு குழப்பமா பேசறார். இதுல ஒண்ணு இருந்தாலும் 108க்கு அடிங்க. டோக்கன் போட்டுட்டு வீடியோ கால்ல காத்திருக்காதீங்க. 2020 மார்ச்ல வந்த மத்திய அரசு டெலிமெடிசின் விதிமுறையிலயே எமர்ஜென்சின்னா முதலுதவி சொல்லிட்டு நேர்ல போகச் சொல்லணும்னுதான் டாக்டர்களுக்குப் போட்டிருக்கு.

மெதுவா ஏறுற பிரச்சனைங்கதான் ஆன்லைனுக்கு. ரெண்டு நாளா வெயிட் ஏறுது, சாயங்காலம் செருப்பு இறுக்குது, ஒரு தலகாணி வெச்சுப் படுத்தவர் இப்போ மூணு கேக்கறார், ராத்திரி இருமல், வயிறு உப்பி பசியே இல்ல, எந்திரிச்சா தலை சுத்துது. அப்புறம் சாப்பாடு, மாத்திரை, நடை, தூக்கம், பயம் இதெல்லாமும். எக்கோ (ஹார்ட்டுக்கு எடுக்கற ஸ்கேன்) எடுக்காம "எனக்கு ஹார்ட் ஃபெயிலியரா இருக்குமோ"ன்னு கேக்கறதுக்கு ஆன்லைன் ஆகாது, அதுக்கு நேர்ல போயே ஆகணும்.

டிஸ்சார்ஜ் ஆகி முதல் ஒண்ணு ரெண்டு வாரத்துக்குள்ள வர்ற முதல் ரிவ்யூவையும் ஆன்லைன்ல முடிச்சிடலாம்னு நினைக்காதீங்க. திரும்ப அட்மிட் ஆகற ஆபத்து அதிகமா இருக்கற நேரம் அது, முடிஞ்சவரைக்கும் நேர்ல காட்டிட்டு வந்துடுங்க.

2. பேப்பரெல்லாம் ஒரே இடத்துல

டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாப் பக்கமும், கடைசியா எடுத்த எக்கோ, இசிஜி, ரத்த டெஸ்ட் ரிப்போர்ட். எக்கோல இஎஃப்னு ஒரு சதவீதம் இருக்கும், அதான் நம்ம ஆளுங்க சொல்ற பம்பிங், அதைத் தனியா குறிச்சு வைங்க, எல்லா டாக்டரும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க. ரத்த டெஸ்ட்ல கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டறது), பொட்டாசியம், சோடியம், ஹீமோகுளோபின், சர்க்கரை முக்கியம். என்டி-ப்ரோ பிஎன்பின்னு ஹார்ட்டுக்கு எவ்ளோ சிரமம்னு காட்டற டெஸ்ட் எடுத்திருந்தா அதுவும். ஸ்டென்ட், பேஸ்மேக்கர் வெச்சிருந்தா அதோட கார்டு.

மாத்திரையை லிஸ்டா டைப் பண்றதோட நிறுத்தாதீங்க, இப்போ சாப்பிடற ஒவ்வொரு அட்டையையும் பேரும் மில்லிகிராமும் தெரியற மாதிரி போட்டோ எடுங்க. மெடிக்கல்ல வேற கம்பெனி மாத்திரை குடுத்திருப்பாங்க, வீட்டுல பழைய அட்டையும் புது அட்டையும் சேத்து ஒரே மருந்தை ரெண்டு தடவை போட்டுட்டிருப்பாங்க. வயசானவங்க வீட்டுல இது அடிக்கடி நடக்குது.

பேப்பரைத் தரையில விரிச்சு பகல் வெளிச்சத்துல எடுங்க, டியூப்லைட் கீழ எடுத்தா இசிஜி பேப்பர் பளபளன்னு அடிச்சு கோடே தெரியாது. எல்லாத்தையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி தேதியோட பேர் வைங்க. வாட்ஸ்அப்ல அனுப்பும்போது டாக்குமெண்டா அனுப்புங்க, போட்டோவா அனுப்புனா எழுத்து மங்கிடும்.

அடுத்தது ஆபா நம்பர், அதாவது மத்திய அரசோட டிஜிட்டல் ஹெல்த் ஐடி. 14 இலக்கம், இலவசம், ஆதார் ஓடிபி வெச்சு போட்டுக்கலாம். கட்டாயம் இல்ல, ஆனா இருந்தா ரிப்போர்ட்டெல்லாம் ஒரே இடத்துல சேரும். இங்கதான் பல பேர் மாட்டுவீங்க. அப்பா ஆதார்ல இருக்கற நம்பர் எப்பவோ தூக்கிப் போட்ட சிம்மா இருக்கும், இல்லன்னா அவர் போனுக்கு ஓடிபி போகும், அவருக்கு மெசேஜ் தெறக்கத் தெரியாது. ஆதார்ல இருக்கற மொபைல் நம்பரை மாத்துற வேலையை முதல்லயே முடிச்சிடுங்க, உடம்பு முடியாத அன்னிக்கு இதோட மல்லுக்கட்ட முடியாது.

3. மூணு மெஷின், ஒரு நோட்டு

டிஜிட்டல் வெயிட் மெஷின், கையில கட்டற பிபி மெஷின், ரத்தத்துல ஆக்சிஜன் எவ்ளோன்னு பாக்க விரல்ல மாட்டற ஆக்ஸிமீட்டர். வெயிட் மெஷின் ஆயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கம், பிபி மெஷின் 1,500ல இருந்து 2,500க்குள்ள, ஆக்ஸிமீட்டர் ஆயிரத்துக்கு உள்ளயே கிடைக்கும். காசு இடிச்சா வெயிட் மெஷினை முதல்ல வாங்குங்க. உடம்புல நீர் சேர்றது கால்ல தெரியறதுக்கு முன்னாடியே வெயிட்ல தெரிஞ்சிடும்.

வெயிட் பாக்கறதுக்கு ஒரு முறை இருக்கு: காலைல எந்திரிச்சு ஒண்ணுக்குப் போயிட்டு, காபிக்கு முன்னாடி, கிட்டத்தட்ட ஒரே மாதிரி துணியில, அதே மெஷின்ல. மெஷின் தரை சமமா இருக்கற இடத்துலயே எப்பவும் இருக்கட்டும், பாய் மேலயோ கார்ப்பெட் மேலயோ வெச்சா ஒவ்வொரு நாளும் ஒவ்வொண்ணு காட்டும்.

நோட்டுல தேதி, வெயிட், பிபி, பல்ஸ், கால் வீக்கம் இருக்கா இல்லையா, எத்தன தலகாணி, மாத்திரை ஏதும் விட்டுச்சா, அவ்ளோதான். ஆப் எல்லாம் இருக்கு, ஆனா 70 வயசு ஆளுக்கு செவுத்துல தொங்குற காலண்டர்ல பேனாவுல எழுதறதுதான் வரும், வாராவாரம் அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க போதும். இதை ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, வீடியோ கால்ல டாக்டர் ஸ்டெத் வெச்சுப் பாக்க முடியாது, காலைத் தொட்டு அமுக்க முடியாது, அவர்கிட்ட இருக்கறது உங்க நோட்டு மட்டும்தான். நோட்டு இல்லாம கால் போட்டா "ஒருதடவை நேர்ல வந்துடுங்களேன்"னுதான் முடியும், அதுக்கும் ஃபீஸ் போயிருக்கும்.

4. எங்க பேசறது

முதல் சாய்ஸ், ஏற்கனவே பாக்கற ஆஸ்பத்திரியே. டெலி கன்சல்டேஷன் இருக்கான்னு கேளுங்க, ஹார்ட் ஃபெயிலியர் கிளினிக் இருக்கா, அதுக்குன்னு நர்ஸ், டயட்டீஷியன் இருக்காங்களான்னும் கேளுங்க. டாக்டரை விட அந்த நர்ஸ்தான் சாப்பாடு, தண்ணி, வெயிட் பத்தி நேரம் எடுத்துப் பேசுவாங்க. அதே டாக்டர்கிட்ட போறதுல இன்னொரு லாபம் இருக்கு. நேர்ல பாத்து 6 மாசத்துக்குள்ள அதே வியாதிக்கு அதே டாக்டர்கிட்ட ஆன்லைன்ல பேசுனா விதிப்படி அது ஃபாலோ-அப், பழைய மாத்திரையோட புதுசு சேக்கறது அவருக்கு ஈஸி. 6 மாசம் தாண்டிட்டா முதல் தடவை பாக்கற பேஷண்ட் கணக்குதான், எழுதிக் குடுக்கறதுல கட்டுப்பாடு கூடிடும். அதனால 6 மாசத்துக்கு ஒருக்காவாவது நேர்ல முகத்தைக் காட்டிடுங்க.

ரெண்டாவது, அரசாங்கத்தோட இ-சஞ்சீவனி. ஒரு ரூபா கிடையாது. ஆப் இருக்கு, வெப்சைட்டும் இருக்கு. மொபைல் நம்பர், ஓடிபி, பேஷண்ட் விவரம், என்ன பிரச்சனைன்னு போட்டு, ரிப்போர்ட்டை ஏத்தி, மாநிலமும் ஓபிடியும் (எந்த வெளிநோயாளி பிரிவுன்னு) தேர்ந்தெடுத்தா க்யூல வெச்சு கால் வரும், முடிஞ்சதும் பிரிஸ்கிரிப்ஷன் டவுன்லோட் பண்ணிக்கலாம். ஓபிடி நேரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், உள்ள போட்டிருக்கறதைப் பாத்துட்டு ஆரம்பிங்க. பெரும்பாலும் பொது டாக்டர்தான் வருவார், தடவைக்குத் தடவை ஆள் மாறும். அதனால மாத்திரை டோஸ் மாத்தறதுக்கு இதை நம்ப வேண்டாம், "இந்த சளி மாத்திரை போடலாமா", "இந்த ரிப்போர்ட்ல பொட்டாசியம் கூடியிருக்கே" மாதிரி கேள்விக்கு நல்லாவே உதவும். தமிழ்நாட்டுல 104க்கு போன் பண்ணியும் பொதுவான ஆலோசனை கேக்கலாம்.

மூணாவது தனியார் ஆப்கள். உங்க டாக்டர் உடனே கிடைக்கலன்னா ஓகே. டாக்டரோட ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் பிரிஸ்கிரிப்ஷன்ல இருக்கான்னு மட்டும் பாருங்க, அது இல்லாத சீட்டு மெடிக்கல்லயும் செல்லாது, இன்சூரன்ஸ்லயும் செல்லாது.

ஆஸ்பத்திரி நம்பரை கூகுள்ல தேடி மேல வர்றதுக்கு அடிக்காதீங்க. "அப்பாயின்ட்மென்ட்டுக்கு 10 ரூபாய் அனுப்புங்க, இந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணுங்க"ன்னு ஒரு குரல் சொல்லும், அக்கவுண்ட் காலியாயிடும். டிஸ்சார்ஜ் சம்மரில அச்சடிச்ச நம்பரை மட்டும் நம்புங்க. ஏமாந்துட்டா உடனே சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க.

5. வீடியோ கால் வர்றதுக்கு முன்னாடி

டிவியை ஆஃப் பண்ணுங்க. முகத்துக்கு நேரா வெளிச்சம் வர்ற மாதிரி ஜன்னலைப் பாத்து உக்கார வைங்க, கால் தெரியற மாதிரி வேட்டியையோ நைட்டியையோ கொஞ்சம் ஏத்திக்கச் சொல்லுங்க. கெண்டைக்கால் முன்பக்க எலும்பு மேல கட்டைவிரலால சில செகண்ட் அமுக்கி எடுத்து, குழி விழுதான்னு கேமராவுல காட்டுங்க. அஞ்சு நிமிஷம் சும்மா உக்கார வெச்சுட்டு பிபியும் பல்ஸும் எடுத்து வைங்க.

பெரிய சிக்கல் எது தெரியுமா, நம்ம ஆளுங்க டாக்டர் முகத்தைப் பாத்ததும் "நல்லா இருக்கேன் சார், ஒண்ணும் பிரச்சனை இல்ல"ன்னுடுவாங்க. ராத்திரி பூரா சேர்ல உக்காந்து தூங்குனவர் சொல்ற பதில் அது. அதனால வீட்டுல கூட இருக்கறவங்க, முக்கியமா அம்மா, வீடியோ கால்ல கண்டிப்பா இருக்கணும், அவங்களுக்குத்தான் நெஜம் தெரியும். நீங்க வெளியூர்னா மூணு பேரும் ஒரே கால்ல சேர முடியுமான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

6. கேட்டே ஆக வேண்டியது

டாக்டர்கிட்ட பேசற நேரம் கம்மி, கேள்வியைப் பேப்பர்ல எழுதி வைங்க. என் கணக்குல இந்த வரிசை:

நீர் கட்டாம இருக்கும்போது இவரோட வெயிட் எவ்ளோ இருக்கணும்? இதைத்தான் ட்ரை வெயிட்ம்பாங்க. இது தெரியாம தினமும் வெயிட் எழுதி பிரயோஜனம் இல்ல.

எவ்ளோ ஏறுனா உங்களைக் கூப்பிடணும்? பொதுவா மூணு நாள்ல 2 கிலோவுக்கு மேல ஏறுனா, இல்ல ஒரே ராத்திரில 1 கிலோவுக்கு மேல போனா சொல்லுங்கம்பாங்க. உங்களுக்குன்னு ஒரு நம்பர் வாங்கிக்கோங்க.

ஏறுனா நீர் மாத்திரை (தேங்குன நீரை ஒண்ணுக்கா வெளியேத்தறது) கூட ஒண்ணு போடலாமா, எத்தன நாள், எப்போ நிறுத்தணும்? சிலருக்கு டாக்டரே இதை முன்கூட்டியே எழுதிக் குடுப்பார், சிலருக்கு கிட்னி காரணமா குடுக்க மாட்டார். குடுத்தா பிரிஸ்கிரிப்ஷன்லயே எழுதச் சொல்லுங்க, வாய்வார்த்தையா வாங்குனா வீட்டுல ஆளுக்கு ஒரு அளவு சொல்வாங்க.

பிபி எதுக்குக் கீழ போனா மாத்திரையைப் போடறதுக்கு முன்னாடி கேக்கணும்? பல்ஸ் எதுக்குக் கீழ? அடுத்த ரத்த டெஸ்ட் எப்போ? எவ்ளோ நடக்கலாம்? ராத்திரி 11 மணிக்கு ஏதாவதுன்னா எந்த நம்பர்?

கடைசிக் கேள்விக்கு நிறைய இடத்துல "ஏதாவதுன்னா கேஷுவால்டிக்கு வாங்க"ன்னுதான் பதில் வரும். பரவால்ல, அதையும் எழுதிக்கோங்க.

7. சாப்பாட்டுக்குன்னு தனி வீடியோ கால்

டாக்டர் காலோட இதை ஒட்டாதீங்க, டயட்டீஷியன்கிட்ட தனியா பேசுங்க. பேசறதுக்கு முன்னாடி மூணு நாள் என்ன சாப்பிட்டார்னு எழுதி வைங்க, ஊறுகாய் தொட்டுக்கிட்டது வரைக்கும்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ளன்னு சொல்வாங்க, அது தலைதட்டி ஒரு டீஸ்பூன், நாள் முழுக்க, குழம்பு, பொரியல், இட்லி மாவு எல்லாம் சேத்து. எங்க வீட்டுல வேலைக்கு ஆனது ஒரு வழிதான்: அவரோட ஒரு நாள் உப்பைக் காலைலயே சின்னக் கிண்ணத்துல எடுத்து வெச்சிட்டு, சமையலை உப்பில்லாம இறக்கி அவர் பங்கை எடுத்துட்டு, அந்தக் கிண்ணத்துல இருந்து போடறது. மத்தவங்களுக்கு அப்புறம் போட்டுக்கலாம். இட்லி மாவுல மட்டும் எல்லாருக்கும் கம்மி, ஒரு மாசத்துல நாக்கு பழகிடுச்சு.

ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, மிக்சர், ஹோட்டல் சாம்பார் இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரியாம மாட்டறது வேற. இந்துப்பு நல்லதுன்னு வாங்கி வெப்பாங்க, அதுவும் சோடியம்தான், ஒரு வித்தியாசமும் இல்ல. கடையில சோடியம் கம்மின்னு போட்டு விக்கற உப்புல பொட்டாசியம் இருக்கும், ஸ்பைரனோலாக்டோன், சாகுபிட்ரில்-வால்சார்டன் மாதிரி ஹார்ட் ஃபெயிலியர் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ரத்தத்துல பொட்டாசியம் ஏறி ஹார்ட் துடிப்பையே கெடுத்துடும், கேக்காம வாங்காதீங்க. இளநீரும் அதே கதை, பாக்க வர்றவங்க எல்லாம் ஆளுக்கு ரெண்டு இளநீர் தூக்கிட்டு வருவாங்க, கிட்னி ரிப்போர்ட்டைக் காட்டி எவ்ளோ குடிக்கலாம்னு கேட்டுட்டுக் குடுங்க.

தண்ணி அளவு ஆளுக்கு ஆள் மாறும், சிலருக்கு கட்டுப்பாடே தேவையில்லன்னும் சொல்வாங்க, சிலருக்கு ஒன்றரை லிட்டர், ரெண்டு லிட்டர்னு குடுப்பாங்க. அளவு குடுத்துட்டா காபி, மோர், ரசம், கஞ்சி எல்லாம் அந்தக் கணக்குலதான். உங்க வீட்டு டம்ளர் எத்தன மில்லின்னு ஒருதடவை அளந்து பாத்துடுங்க. சித்திரை வெயில்ல வேர்த்துக் கொட்டும்போது, இல்ல வாந்தி பேதின்னா அதே அளவைப் பிடிச்சுத் தொங்காம அன்னிக்கே போன் பண்ணுங்க.

ஒரே கால்ல பத்து மாத்தம் சொன்னா தலையாட்டிட்டுப் போயிடுவாங்க, ஒண்ணும் நடக்காது. நல்ல கவுன்சலர் "இதுல எது உங்களால முடியும்"னு பேஷண்ட்டையே கேப்பாங்க. அப்படிக் கேக்காம திட்டறவங்களா இருந்தா ஆளை மாத்துங்க. எங்களுக்கும் ஒரு டயட்டீஷியன் அப்படி அமைஞ்சாங்க, அடுத்த காலுக்கு அப்பா வரமாட்டேன்னுட்டார்.

8. மாத்திரை விஷயத்துல

பம்பிங் கொறைஞ்சவங்களுக்கு பொதுவா நாலு வகை மாத்திரை வரும், அதோட டைட்டர், லாசிக்ஸ் மாதிரி நீர் மாத்திரை. "இத்தன மாத்திரை எதுக்கு, இப்போ நல்லாத்தானே இருக்கேன்"னு நிறுத்தறதுதான் திரும்ப அட்மிட் ஆகறதுக்கு முக்கியமான காரணங்கள்ல ஒண்ணு. ஒவ்வொண்ணும் எதுக்குன்னு வீடியோ கால்ல டாக்டரையே பேஷண்ட்கிட்ட விளக்கச் சொல்லுங்க, நம்ம சொன்னா ஏறாது.

பஸ்ல போற அன்னிக்கு நீர் மாத்திரையை விட்டுடுவாங்க, வழியில பாத்ரூம் இல்லன்னு. நேரத்தை மாத்திப் போடலாமான்னு கேட்டா டாக்டரே வழி சொல்வார். ஸ்பைரனோலாக்டோன்ல சில ஆம்பளைங்களுக்கு மார்பு வீங்கி வலிக்கும், வெக்கப்பட்டு யார்கிட்டயும் சொல்லாம மாத்திரையை நிறுத்திடுவாங்க. மாத்து மாத்திரை இருக்கு, ஆம்பளை டாக்டர்கிட்ட தனியா பேச விடுங்க.

மூட்டு வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கற டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் உடம்புல நீரைக் கட்டும், கிட்னியையும் இழுக்கும், வேண்டவே வேண்டாம். தண்ணியில போட்டா பொங்குற மாத்திரை, வாயுவுக்குக் குடிக்கற பவுடர்ல சோடியம் நிறைய. இருமலுக்குக் கஷாயம்னு அதிமதுரம் போடுவாங்க, அது உப்பையும் நீரையும் உடம்புல தேக்கும், பொட்டாசியத்தையும் இறக்கும். நாட்டு மருந்து சாப்பிடறதை டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

9. செலவும் பில்லும்

தனியார் ஹார்ட் டாக்டர் வீடியோ ஃபீஸ் நாங்க பாத்தவரைக்கும் 500ல இருந்து 1,500 ரூபாய், டயட்டீஷியன் அதைவிடக் கம்மி. மாத்திரையோட ஜெனரிக் பேரை (கம்பெனி பேர் இல்லாம மருந்தோட பேரை) எழுதித் தரச் சொல்லுங்க, மக்கள் மருந்தகத்துலயும் முதல்வர் மருந்தகத்துலயும் விலை நல்லாவே கொறையும். ஹார்ட் ஃபெயிலியருக்குக் குடுக்கற டாபாக்ளிஃப்லோசின், சாகுபிட்ரில்-வால்சார்டன் ரெண்டுக்கும் இப்போ நிறைய கம்பெனி மாத்திரை வந்துடுச்சு, பழைய விலையைக் கேட்டுட்டு பயந்து விடாதீங்க. பிபி, சர்க்கரை மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம் மூலமா வீட்டுக்கே வரும், அது வருதுன்னா அந்த லிஸ்ட்டையும் ஹார்ட் டாக்டர்கிட்ட காட்டுங்க, ஒரே வகை ரெண்டு பக்கமும் வந்துடக் கூடாது.

முதலமைச்சர் காப்பீட்டை நம்பி ஆன்லைன் ஃபீஸ் கட்டாதீங்க, அது பெரும்பாலும் அட்மிட் ஆகற சிகிச்சைக்குத்தான். தனியார் பாலிசி இருந்தா, டிஸ்சார்ஜுக்கு அப்புறம் குறிப்பிட்ட நாள் வரைக்கும் ஆகற செலவைத் தருவாங்க, நிறைய பாலிசில 60 நாள், உங்களுதுல எத்தனன்னு பாருங்க. டாக்டரை நேர்ல பாத்த செலவைத் தர்ற பாலிசில டெலி கன்சல்டேஷனையும் ஏத்துக்கணும்னு 2020லயே இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தற ஐஆர்டிஏஐ சொல்லியிருக்கு. அதனால பில், பிரிஸ்கிரிப்ஷன், டெஸ்ட் ரசீது எல்லாம் பேஷண்ட் பேர்ல வாங்குங்க. பணம் உங்க அக்கவுண்ட்ல போனாலும் பில் உங்க பேர்ல வரக்கூடாது, ஆப்ல யார் பேர்ல லாகின் பண்ணியிருக்கீங்கன்னு புக் பண்றதுக்கு முன்னாடி பாருங்க.

10. எத்தன நாளைக்கு ஒருக்கா

மாத்திரை டோஸை ஏத்திக்கிட்டிருக்கற காலத்துல ரெண்டு வாரத்துக்கு ஒரு கால்னு வெச்சுக்கலாம், செட் ஆனப்புறம் டாக்டர் சொல்ற இடைவெளி. புது மாத்திரை ஆரம்பிச்சாலோ டோஸ் ஏத்துனாலோ ஒண்ணு ரெண்டு வாரத்துல கிரியேட்டினின், பொட்டாசியம் பாக்கச் சொல்வாங்க, அந்த ரிசல்ட் கைக்கு வந்த மறுநாளைக்கு கால் புக் பண்ணுங்க, ரிசல்ட் இல்லாம பேசுனா "டெஸ்ட் எடுத்துட்டு வாங்க"ன்னு ஒரு ஃபீஸ் வேஸ்ட். ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி பத்தியும் ஒரு கால்ல கேட்டு முடிச்சிடுங்க.

மனசு விஷயம் தனி. ராத்திரி தூங்கப் பயம், எதுலயும் பிடிப்பில்ல, மாத்திரையே வேண்டாம்னு சலிப்பு, இதெல்லாம் ஹார்ட் பேஷண்ட்டுக்கு ரொம்ப சகஜம், ஆனா ஹார்ட் டாக்டர் கால்ல இதுக்கு நேரம் இருக்காது. அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி-மானஸ் 14416க்கு அடிங்க, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். பாத்துக்கற ஆளும் அடிக்கலாம், பேஷண்ட் மட்டும்தான்னு இல்ல.